ஒரே நோய்க்கு இரண்டு சீட்டு

அறுவை சிகிச்சைத் துறையில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கும் ஒரு கருத்து உண்டு. தொடையிடுக்கில் வீக்கம் இருக்கிறது. இருமச் சொன்னால் புடைக்கிறது. படுத்தால் உள்ளே போகிறது. அப்படியானால் அது ஹெர்னியா என்கிற குடலிறக்கம். கையால் பார்த்தாலே தெரிந்துவிடும், ஸ்கேன் தேவையில்லை. இறங்கியிருப்பது குடலா, கொழுப்பா, வேறு உறுப்பா என்பது திறந்து பார்க்கும்போது தெரியும். அதுவரை அதை யோசிக்க ஒன்றுமில்லை. வந்தவர் முதியவராக இருந்து, ஒன்றுக்குப் போவதில் தொந்தரவு என்று சொன்னால் அது வயதுக் கோளாறு. அதற்கு வேறு துறை, வேறு சீட்டு.

இந்தக் கருத்தின் ஒவ்வொரு பகுதியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். பெரும்பாலான நோயாளிகளுக்கு இதனால் கெடுதல் வருவதும் இல்லை. ஆனால் அந்த வீக்கத்துக்குள் சிறுநீர்ப்பை இறங்கியிருக்கும் நோயாளிக்கு இதன் ஒவ்வொரு பகுதியும் ஆபத்து. அவருடைய வீக்கமும் சிறுநீர்த் தொந்தரவும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். அவற்றை இரண்டு சீட்டுகளாகப் பிரித்தவுடனேயே நோய் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. சேர்த்துப் பார்க்க ஓரிரு கேள்விகள் போதும். அவற்றைக் கேட்காமல் விடுவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் ஒன்றுகூட நிற்காது என்பதே என் வாதம்.

முதல் காரணம்: இது மிக அரிது. எவ்வளவு அரிது? தொடையிடுக்குக் குடலிறக்கங்களில் 1 முதல் 4 சதவீதம் வரை சிறுநீர்ப்பையின் ஒரு பகுதி இறங்கியிருக்கும் என்பது மருத்துவ நூல்களில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 50 வயதைக் கடந்த பருமனான ஆண்களில் இது 10 சதவீதம் வரை போகலாம் என்றும் பதிவாகியிருக்கிறது. இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். உலகெங்கும் ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட தொடையிடுக்குக் குடலிறக்க அறுவைகள் நடக்கின்றன. ஆண்களில் நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகமானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்த நோய் வருகிறது. குறைந்தபட்சக் கணக்கான 1 சதவீதத்தையே எடுத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 2 லட்சம் பேர். தினமும் குடலிறக்கத்துக்கு அறுவை நடக்கும் ஒரு பெரிய மருத்துவமனையில் இந்த நோயாளி என்றோ ஒருநாள் வருபவர் இல்லை. அடிக்கடி வந்து, யாரென்று தெரியாமலே போகிறவர்.

தெரியாமலே போகிறார் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சிறுநீர்ப்பை இறங்கிய குடலிறக்கங்களில் அறுவைக்கு முன்பே கண்டறியப்படுபவை 7 சதவீதத்துக்கும் குறைவு என்று ஆய்வுக் கட்டுரைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சுமார் 16 சதவீதம் அறுவைக்குப் பிறகு, சிக்கல் வந்தபின் தெரியவருகின்றன. மற்றவை அறுவை மேசையில். நூற்றில் ஏழு பேரைக்கூட முன்கூட்டிக் கண்டுபிடிக்காத ஒரு பரிசோதனை முறையை வைத்துக்கொண்டு, அந்த நோய் அரிது என்று சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? தேடாததால் கிடைக்கவில்லை; கிடைக்காததால் அரிது என்றோம்; அரிது என்பதால் தேடவில்லை. இந்த வட்டம் எங்காவது உடைய வேண்டும்.

இரண்டாவது காரணம்: கையால் பார்த்தால் போதும். இதற்கு ஆதரவாகப் பன்னாட்டு வல்லுநர் குழுக்களின் வழிகாட்டு நெறிகளையே காட்டுவார்கள். 2018இல் வெளியான ஹெர்னியாசர்ஜ் வழிகாட்டுதல், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தொடையிடுக்கு வீக்கத்துக்குக் கைப்பரிசோதனையே போதும் என்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வரி எந்தக் கேள்விக்கான விடை என்று பார்க்க வேண்டும். குடலிறக்கம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்குக் கை விடை சொல்லும். என்ன இறங்கியிருக்கிறது என்ற கேள்விக்குச் சொல்லாது. சந்தேகம் உள்ள இடத்தில் ஸ்கேன் எடுக்கலாம் என்று அதே நெறிகள் சொல்கின்றன. 65 வயது ஆண், பருமன், இரவில் பலமுறை எழுந்து ஒன்றுக்குப் போகிறார், விதைப்பை வரை வீக்கம். இதைவிட வேறென்ன சந்தேகம் வேண்டும்?

கை ஏமாறவும் செய்யும். யானைக்கால் நோய் நெடுநாள் நிலவிய நம் ஊர்களில் விதைப்பை வீங்கினால் முதலில் நினைவுக்கு வருவது ஓதம், அதாவது ஹைட்ரோசீல். டார்ச் விளக்கை வைத்துப் பார்த்து, வெளிச்சம் ஊடுருவினால் உள்ளே இருப்பது நீர்தான் என்று முடிவு செய்வது பழைய வழக்கம். விதைப்பைக்குள் இறங்கிய சிறுநீர்ப்பையில் இருப்பதும் நீர்தானே? அங்கும் வெளிச்சம் ஊடுருவலாம். ஓதம் என்று நம்பி அதில் ஊசி குத்தி நீர் எடுத்தால் குத்துவது சிறுநீர்ப்பையில். வீக்கத்தின் மேல்விளிம்பு விரலுக்குள் அடங்குகிறதா, இருமினால் அதிர்வு வருகிறதா என்று பார்ப்பது ஓதத்தையும் இறக்கத்தையும் பிரிக்க உதவும். இறங்கியது எது என்று அதுவும் சொல்லாது.

சொல்லக்கூடியவர் நோயாளி. ஆனால் அவராகச் சொல்ல மாட்டார். சிறுநீர்ப்பை இறங்கியவர்களில் பலருக்கு ஒருமுறை போனால் தீராது. சற்று நேரத்தில் மறுபடியும் போக வேண்டியிருக்கும். முதலில் வருவது உள்ளே இருக்கும் பகுதியில் இருந்து; பிறகு வருவது இறங்கிய பகுதியில் இருந்து. சிலர் விதைப்பையைக் கையால் தூக்கி அழுத்தினால்தான் மீதி வரும் என்று தாமாகவே கற்றுக்கொண்டிருப்பார்கள். போய்வந்த பிறகு வீக்கம் சுருங்கும். இந்த நோய்க்கே உரிய அடையாளங்கள் இவை. மகளும் மருமகனும் பக்கத்தில் நிற்க, மருத்துவ மாணவர்கள் சுற்றி நிற்க, எந்தப் பெரியவர் இதை வாய்விட்டுச் சொல்வார்? திரையை இழுத்துவிட்டு, அவருடைய பேச்சிலேயே நாம்தான் கேட்க வேண்டும்: ‘ஐயா, ஒன்னுக்குப் போயிட்டு வந்தா வீக்கம் குறையுதா? கொஞ்ச நேரத்துல மறுபடி போகணும்போல இருக்கா? அழுத்தினாத்தான் மூத்திரம் வருதா?’ இதைக் கேட்க ஒரு நிமிடம் ஆகும். கருவி வேண்டாம், காசு வேண்டாம். எல்லோருக்கும் இந்த அடையாளங்கள் இருக்காது என்பது உண்மை. சிறிய இறக்கங்கள் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கலாம். இருப்பவர்களிடம்கூடக் கேட்காமல் விடுவதற்கு அது காரணமாகாது.

மூன்றாவது காரணம்தான் அதிகத் தன்னம்பிக்கையோடு சொல்லப்படுவது: அறுவை மேசையில் எப்படியும் தெரிந்துவிடும். அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சிறுநீர்ப்பை இறங்கும் வகைகள் மூன்று. வயிற்றின் உள்ளுறையான பெரிட்டோனியத்தின் பைக்குள்ளேயே வருவது ஒன்று. அந்தப் பைக்குச் சம்பந்தமில்லாமல் வெளியே தனியாக வருவது ஒன்று. பையின் உட்பக்கச் சுவரை, அதாவது உடலின் நடுக்கோட்டை நோக்கிய பக்கத்தை, வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு, பைக்குள் அடங்காமல் வருவது மூன்றாவது. அதிகம் காணப்படுவது இந்த மூன்றாவது வகை. ஏமாற்றுவதும் இதுதான். அறுவை மருத்துவர் குடலிறக்கப் பையைத் தேடுகிறார், கண்டுபிடிக்கிறார், திறந்து பார்க்கிறார். உள்ளே ஒன்றுமில்லை. பையின் உட்பக்கம் தடித்த சுவராகவோ கொழுப்புத் திரளாகவோ ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கொழுப்புக் கட்டி என்று எண்ணி அறுத்தாலும், பையோடு சேர்த்துக் கழுத்தில் முடிச்சுப் போட்டாலும் மாட்டுவது சிறுநீர்ப்பை. பையின் உட்பக்கத்தில் வழக்கத்துக்கு மாறான கொழுப்பும், தொட்டால் கசியும் சிரைகளும், தசை நார்களும் தெரிந்தால் கத்தியை நிறுத்த வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். ஆனால் எதிர்பார்ப்பவரின் கண்ணுக்குத்தான் அந்தக் கொழுப்பு எச்சரிக்கை. எதிர்பார்க்காதவருக்கு அது வெறும் கொழுப்பு.

காயம் அங்கேயே தெரிந்துவிட்டால் பெரிய கேடில்லை. கரையும் நூலால் இரண்டு அடுக்காகத் தைத்து, ஒன்று முதல் இரண்டு வாரம் வரை சிறுநீர்க் குழாயை வைத்திருந்தால் பெரும்பாலும் ஆறிவிடும். தெரியாமல் போனால்தான் துயரம். காயத்தின் வழியே சிறுநீர் கசியும், சிறுநீரில் இரத்தம் வரும், வயிறு உப்பும். வயிற்றறைக்குள் தேங்கிய சிறுநீரை உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ள, இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறி, சிறுநீரகமே கெட்டுவிட்டதைப் போலத் தோற்றம் தரும். இத்தனைக்கும் நடுவே, பொருத்திய மெஷ் என்னும் வலை அழுக்கான இடத்தில் கிடக்கிறது. அதில் தொற்று ஏறினால் மறுபடி அறுத்து எடுக்க வேண்டிவரலாம். சாதாரண அறுவை, இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி அழைத்துவரப்பட்டவர் வாரக்கணக்கில் கட்டிலில் கிடப்பார். எப்படியும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு விலை கொடுப்பவர் அவர்தான். நம்பியவர் இல்லை.

லேப்பராஸ்கோப்பி வந்த பிறகு இந்தப் பிரச்சினையே இல்லை என்பவர்களும் உண்டு. உள்ளிருந்து பார்க்கும் கேமரா பெரிய உதவிதான். ஆனால் பெரிட்டோனியத்துக்கு வெளியே வழுக்கி இறங்கும் சிறுநீர்ப்பை, வயிற்றறைக்குள் இருந்து பார்க்கும் கேமராவுக்கு உடனே அகப்படாமல் போகலாம். அந்த முறையில் பிரித்தெடுக்கும் இடமே சிறுநீர்ப்பைக்கு முன்னால் இருக்கும் வெளி. முன்பு புராஸ்டேட் அறுவை நடந்த உடலில் அந்த வெளி ஒட்டிக்கிடக்கும்; காயப்படும் வாய்ப்பு கூடும். சிறுநீர்க் குழாய் வழியே உப்புநீரையோ மெத்திலீன் நீலம் கலந்த நீரையோ செலுத்தி, எது உப்புகிறது, எங்கே நீலம் தெரிகிறது என்று பார்த்தால் எல்லை புலப்படும். அதைச் செய்யவும் முன்கூட்டியே சந்தேகம் இருந்தாக வேண்டும். கேமரா சந்தேகத்தைத் தராது.

கைக்குழந்தைகளையும் இங்கே மறக்கக் கூடாது. பிறந்த சில மாதங்களில் சிறுநீர்ப்பை நிறையும்போது அதன் இரு பக்கங்களும் காது மடல்போலத் தொடையிடுக்கு வாய் வரை நீள்வது பல குழந்தைகளுக்கு உண்டு. வளர வளரத் தானே சரியாகிவிடும். நோயாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் அந்த வயதில் குடலிறக்க அறுவை செய்யும்போது அதைப் பை என்று எண்ணி இழுத்து வெட்டிய பேரிழப்புகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அறுவைக்கு முன் குழந்தையின் சிறுநீர்ப்பை காலியாக இருக்கிறதா என்று உறுதிசெய்வது இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும்.

நான்காவது காரணத்தின் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம்: முதியவரின் சிறுநீர்த் தொந்தரவு வயதுக் கோளாறு, அதற்கும் வீக்கத்துக்கும் தொடர்பில்லை. தொடர்பு இருக்கிறது, இந்த நோயின் மூலமே அங்குதான் இருக்கிறது. புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் போகும் வழியை நெருக்கும்போது சிறுநீர்ப்பை நிரம்பி விரிகிறது, அதன் சுவர் தளர்கிறது, ஒவ்வொரு முறையும் முக்க வேண்டியிருக்கிறது. அந்த முக்கல் அடிவயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தை மேலும் தள்ளுகிறது. சிறுநீர்ப்பை இருப்பதோ அந்தப் பலவீனமான இடத்துக்கு நேர் உட்புறத்தில். தளர்ந்த உறுப்பு, திறந்த வழி, ஓயாத அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் இறங்காமல் என்ன செய்யும்? இந்த அடைப்பை விட்டுவிட்டு வீக்கத்தை மட்டும் தைப்பது, தண்ணீர்த் தொட்டியின் வடிகால் அடைத்துக் கிடக்க விரிசலை மட்டும் பூசுவதற்குச் சமம். மயக்க மருந்தின் விளைவும் சேர்ந்து, அறுவை முடிந்த இரவே சிறுநீர் முழுதாகக் கட்டிக்கொள்ளும். தைத்த இடத்தின் மீது அதே முக்கல் மறுநாளே தொடங்கும்.

வெறும் அசௌகரியத்தோடு இது நிற்பதும் இல்லை. இறங்கிய பகுதியில் தேங்கும் சிறுநீரில் தொற்று வரும், கல் உருவாகும், அரிதாகப் புற்றுநோயும் காணப்பட்டிருக்கிறது. பெரிய இறக்கங்களில் சிறுநீரகத்தில் இருந்து வரும் குழாய்கள் கீழே இழுபட்டு, மேலே சிறுநீரகம் வீங்கும். சிறுநீரகம் செயலிழந்த நிலையில் வந்து, இறங்கிய சிறுநீர்ப்பையை வடித்ததும் தேறியவர்களைப் பற்றிய பதிவுகளும் உண்டு. கழுத்து நெரிபட்டால் இறங்கிய பகுதி அழுகி ஓட்டையாகும். வயசானா அப்படித்தான் என்று சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்பும்போது, இவை அனைத்தையும் அவர் தலையில் கட்டி அனுப்புகிறோம்.

குடலிறக்கத்தை அவசரமாகத் தைக்க வேண்டியதில்லை, காத்திருக்கலாம் என்ற வாதமும் இங்கே தவறாக நுழைகிறது. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 720 ஆண்கள் சேர்ந்தார்கள். காத்திருந்தவர்களுக்குக் குடல் திடீரெனச் சிக்கிக்கொள்ளும் ஆபத்து ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 1.8 என்ற அளவிலேயே இருந்தது. நல்ல ஆய்வு, பயனுள்ள முடிவு. ஆனால் அது தொந்தரவே இல்லாத, அல்லது மிகக் குறைந்த தொந்தரவுள்ள ஆண்களைப் பற்றியது. விதைப்பையை அழுத்தி ஒன்றுக்குப் போகிறவருக்கு அந்த முடிவைப் பொருத்துவது, அவருடைய நோயைக் கேட்காமலே மருந்து எழுதுவது போன்ற தவறு.

அப்படியானால் எல்லோருக்கும் சி.டி. ஸ்கேனா என்று எதிர்க்கேள்வி வரும். இல்லை. குடலிறக்கம் உள்ள இளைஞருக்கும், எந்தச் சிறுநீர்த் தொந்தரவும் இல்லாதவருக்கும் வழக்கமாக ஸ்கேன் எடுப்பது வீண்செலவுதான். அதற்காக நான் வாதாடவில்லை. 50 வயதைக் கடந்த, சிறுநீர்த் தொந்தரவுள்ள, குறிப்பாகப் பருமனான ஆணுக்கும், விதைப்பை வரை இறங்கிய பெரிய வீக்கம் உள்ளவருக்கும், ஏற்கெனவே தைத்த இடத்தில் திரும்பவும் வந்தவருக்கும் ஸ்கேன் எடுங்கள் என்கிறேன். முதலில் போதுமானது எந்த ஊரிலும் கிடைக்கும் அல்ட்ராசவுண்ட் தான். அதிலும் ஒரு குறை நீக்கப்பட வேண்டும். இன்று வீக்கத்துக்கு ஒரு ஸ்கேன், புராஸ்டேட்டுக்கு ஒரு ஸ்கேன் என்று ஒரே நோயாளிக்கு இரண்டு அறிக்கைகள் வருகின்றன. ஒன்றில் தொடையிடுக்கில் நீர் இருக்கிறது என்றும் மற்றொன்றில் சிறுநீர்ப்பையின் வடிவம் கோணலாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் யாரும் இருக்க மாட்டார். ஸ்கேன் சீட்டில் ஒரே வரி எழுதினால் போதும்: சிறுநீர் கழிப்பதற்கு முன்னும் பின்னும் தொடையிடுக்கையும் சிறுநீர்ப்பையையும் சேர்த்துப் பார்க்கவும். வீக்கத்தில் உள்ள நீர் சிறுநீர்ப்பையோடு தொடர்ந்திருந்து, கழித்தபின் சுருங்கினால் விடை கிடைத்துவிட்டது. ஐயம் தீராவிட்டால், அறுவையைத் திட்டமிட வேண்டியிருந்தால், அப்போது சி.டி. ஸ்கேனோ, சிறுநீர்ப்பையில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயோ எடுக்கலாம். வேறொரு நன்மையும் உண்டு. புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேனில் செலுத்தும் மருந்து சிறுநீரோடு வெளியேறும். இறங்கிய சிறுநீர்ப்பை அங்கே ஒளிரும். அதை நெறிக்கட்டி என்றும் நோய் பரவிவிட்டது என்றும் தவறாகப் படிக்காமல் இருக்க, இந்த நோய் முன்பே பதிவாகியிருந்தால் பெரும் துணை.

கண்டுபிடித்தபின் என்ன செய்வது என்பதிலும் ஒரு பழைய கருத்து நகராமல் இருக்கிறது: இறங்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்பது. ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். இன்று அதற்குக் காரணமில்லை. இறங்கிய பகுதி உயிரோடு இருக்கும்வரை அதைப் பிரித்து உள்ளே தள்ளி, வலை வைத்துச் சுவரைப் பலப்படுத்துவதே சிகிச்சை. அழுகிய பகுதி, புற்றுநோய், குறுகிய கழுத்துள்ள பைப்புடைப்பு போன்ற நிலைகளில் மட்டுமே வெட்ட வேண்டும். நல்ல சிறுநீர்ப்பையை வெட்டினால் அதன் கொள்ளளவு குறையும். ஏற்கெனவே அடிக்கடி எழுந்து போகிறவர் இன்னும் அடிக்கடி எழ வேண்டியிருக்கும்.

அறுவைக்கு முன்பான வரிசையும் முக்கியம். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்து அதைத் தீர்க்க வேண்டும். வலை வைக்கும் இடத்துக்கு அது அவசியம். கிரியேட்டினின் பார்க்க வேண்டும். புராஸ்டேட் அடைப்புக்கு டாம்சுலோசின் போன்ற மருந்தைத் தொடங்க வேண்டும். மருந்து போதாத நிலையில் அடைப்பை அறுவையால் நீக்குவதைக் குடலிறக்க அறுவைக்கு முன்போ அதோடு சேர்த்தோ திட்டமிட வேண்டும். குடலிறக்கம் பார்ப்பவரும் சிறுநீரியல் மருத்துவரும் இதைச் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். அறுவை நாளில் சிறுநீர்க் குழாய் போட்டுச் சிறுநீர்ப்பையைக் காலியாக வைக்க வேண்டும். இறங்கிய பகுதி குழாயால் மட்டும் வடியாமல் இருக்கக்கூடும் என்பதால் கையால் மெல்ல அழுத்தி வடிக்கவும் வேண்டும்.

இவற்றில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. விதைப்பைக்குள் இறங்கிய சிறுநீர்ப்பையைத் தனி நோயாகப் பெயரிட்டு லெவின் என்பவர் எழுதியதே 1951இல். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான நோயாளிகள் கத்தி பட்டபின்தான் கண்டறியப்படுகிறார்கள் என்றால், குறை அறிவில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. பழக்கத்தை மாற்றுவது விதியால் ஆகும். 50 வயதைக் கடந்த ஆணின் குடலிறக்க அறுவைக்கான ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும், சிறுநீர் கழித்தபின் வீக்கம் குறைகிறதா, இரண்டு தவணையாகக் கழிக்கிறாரா, அழுத்திக் கழிக்கிறாரா என்ற மூன்று கேள்விகளும் அவற்றின் விடைகளும் எழுதப்பட வேண்டும். விடை இல்லாத கேஸ் ஷீட்டோடு எவரும் அறுவை அறைக்குள் போகக் கூடாது. பயிற்சி மருத்துவர் கேட்க மறந்தால் மூத்தவர் திருப்பி அனுப்ப வேண்டும். மருத்துவர் கேட்காவிட்டால் நோயாளியும் வீட்டாரும் கூச்சத்தை விட்டு, அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே இதைச் சொல்ல வேண்டும். இரண்டு நாளில் நடந்து வீட்டுக்குப் போக வேண்டிய முதியவர் அப்படியே போவதற்கு இந்த மூன்று கேள்விகள்தான் முதல் காவல். இதைவிடக் குறைந்த எதையும் போதுமான பரிசோதனை என்று ஏற்க முடியாது.